புங்க மரத்து நிழலில் மட்டும் கதிர்

1

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது என் மகள் நித்யாவின் வேலை. ஒன்பது வயதாகிறது. நாற்காலி போட்டு ஏறிச் சமையலறைக் கடிகாரம், மாடிப்படிக் கடிகாரம், அடுப்பில் ஒளிரும் கடிகாரம் என்று ஒன்றையும் விடமாட்டாள். காரில் இருப்பதை மட்டும் யாருக்கும் மாற்றத் தெரியாது. அது மார்ச் வரை தன் பாட்டுக்குத் தப்பாக ஓடிவிட்டு, பிறகு தானாகவே சரியாகிவிடும்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். மறுநாள் காலை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தாமதமாகப் போய் முதல் நாளே கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்று கிளம்பிப் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. கடிகாரம் மாறிய விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வெளியே நின்றேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் காது மடல் வலித்தது. அரசாங்கம் சொல்லிவிட்டால் சூரியன் கேட்டுக்கொள்ளுமா என்று அன்று கோபமாக நினைத்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

உள்ளே கூப்பிட்டதும் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, என் பெயர் கோமதி, அப்பா பெயர் மாணிக்கம் என்றேன். அந்த அம்மாள் யோசிக்காமல் மாணிக்கம் என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். என் கணவர் பெயர் சேகர். இருந்தும் பத்து வருடமாக வங்கி, மருத்துவமனை, நித்யாவின் பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் நான் திருமதி மாணிக்கம். பெற்ற தகப்பனின் பெயரோடு திருமதி போட்டுக் கூப்பிட்டால் ஊரில் சிரிப்பார்கள். நான் திருத்தப் பார்த்தேன். மூன்று அலுவலகத்துக்கு அலைந்த பிறகு விட்டுவிட்டேன்.

இந்தக் குறிப்பு அந்த மாணிக்கத்தையும் அவருடைய அண்ணனையும் பற்றியது. இருவருக்கும் நடுவில் ஒரு நெற்பயிர் உண்டு.

2

எங்கள் ஊர் பாரிவாக்கம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற பக்கம். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். மிச்ச நேரத்தில் விவசாயம். அவருடைய அண்ணன் துரைசாமி, என் பெரியப்பா, முழுநேர விவசாயி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கிணறு.

பெரியப்பாவுக்கு ஊரில் இருந்த மரியாதை அவருடைய நாட்டுச் சம்பா விதையால் வந்தது. அறுவடைக்கு முன்னால் வயலுக்குள் இறங்கி, உயரத்திலோ நிறத்திலோ கொஞ்சம் மாறித் தெரிகிற பயிரை எல்லாம் பிடுங்கி வரப்பில் போடுவார். அதற்குக் கலவன் பிடுங்குவது என்று பெயர். அந்த வேலைக்கு மட்டும் கூலி ஆள் வைக்க மாட்டார். ஆடி பிறந்தால் சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் விதை கேட்டு வருவார்கள். அறுவடை முடிந்ததும் கொஞ்சம் கூட்டி நெல்லாக அளந்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதம் அவர் புதுத் துண்டு போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

நைனாவின் பெருமை வேறு. இரண்டாவது ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தபோது எங்கள் சாலை வளைவில் இருட்டில் வாய்க்காலுக்குள் விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டார். தையல் பிரிப்பதற்கு முன்பே மனு எழுத ஆரம்பித்துவிட்டார். பஞ்சாயத்து, ஒன்றியம், மின்வாரியம் என்று ஒவ்வொரு இடமாக அலைந்து, எண்பதுகளின் நடுவில் அந்த வளைவில் ஒரு சோடியம் விளக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பம் நின்ற இடம் எங்கள் வயலின் ஓரம். மஞ்சள் வெளிச்சம் அந்தப் பக்கம் முழுவதும் கொட்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் பெண்கள் அங்கே இறங்கிப் பயமில்லாமல் நடந்தார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள், "மாணிக்கம் லைட்டாண்ட எறக்கி வுடுப்பா" என்று கண்டக்டரிடம் சொல்லும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது. நைனா அதைக் கேட்டும் கேட்காதவர் போல இருப்பார். ஆனால் பல்பு போய்விட்டால் அன்றைக்கே லீவு போட்டுவிட்டு ஒன்றியத்துக்குப் போவார்.

3

விளக்கு வந்த வருடம் நைனா, கம்பத்தை ஒட்டிய துண்டில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று சம்பா போட முடிவு செய்தார். பெரியப்பா இரண்டு மூட்டை விதை கொடுத்தார். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு வயலில் நைனா வழக்கம்போல ஐ.ஆர். எட்டு என்ற புது ரக நெல் போட்டார்.

கார்த்திகை வந்தது. ஏரிப் பக்கம் பெரியப்பாவின் சம்பா கதிர் தள்ளிவிட்டது. எதிர்வயல் ஐ.ஆர். எட்டும் தன் கணக்குப்படி கதிர் விட்டு முற்றிவிட்டது. கம்பத்துத் துண்டில் மட்டும் பயிர் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று, புல்லாகவே நின்றது. தண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கதிர் உருவாகவே இல்லை. தை மாதம் ஊரெல்லாம் அறுவடை. எங்கள் துண்டை மாட்டுக்குத்தான் அறுத்துப் போட்டோம்.

முழுக்கவும் அப்படி என்று சொல்ல முடியாது. கம்பத்துக்குப் பக்கத்தில் வரப்பில் ஒரு புங்க மரம் உண்டு. அந்த மரத்துக்குப் பின்னால் இருந்த மூலையில் மட்டும் பயிர் ஒழுங்காகக் கதிர் விட்டிருந்தது. கடைசி நாள் நடவில், இரண்டாவது மூட்டை விதையிலிருந்து வந்த நாற்றை நட்ட மூலை அது. நைனாவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாவது மூட்டை நல்ல விதை, முதல் மூட்டை கலப்பு. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். விளக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அதே விளக்கின் கீழே ஐ.ஆர். எட்டு விளைந்து நிற்கிறதே.

அதை அண்ணனிடம் வீட்டில் வைத்துக் கேட்டிருந்தால் வீட்டோடு போயிருக்கும். நைனா டீக்கடையில் வைத்துச் சொன்னார். பெரியப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் பால் வாங்கப் போயிருந்தேன்.

"ரெண்டு மூட்டை குட்த்தாரு. ஒண்ணு விதை, இன்னொண்ணு கலப்பு. நம்பாதவங்க போய்ப் பாருங்க, ரோட்டோரந்தானே கீது" என்றார் நைனா, கடையைப் பார்த்து.

"என் நெலத்துல போய்ப் பார்ரா. அதே விதைதான் அங்கயும்" என்றார் பெரியப்பா.

"அதான் நானும் சொல்றேன். நல்லத நீ வெச்சிகினு, கழிசலத் தம்பிக்குத் தள்ளி வுட்டே."

பெரியப்பா பாதி குடித்த டீயை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். பதில் சொல்லியிருந்தால் சண்டையாகி, இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவர் சொல்லவில்லை. அவருக்கும் வீம்பு உண்டு, தம்பிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது.

அடுத்த ஆடியில் விதை கேட்டு ஒருவர்கூட வரவில்லை. கூடப் பிறந்தவனே சொல்லிவிட்டான் என்றால் ஊரார் எதை நம்புவார்கள். பெரியப்பா புதுத் துண்டோடு இரண்டு மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். அண்ணனும் தம்பியும் அதன்பிறகு பேசவில்லை. கிணற்றடியில் ஒருவர் வாளிச் சத்தம் கேட்டால் மற்றவர் உள்ளேயே இருப்பார். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்வதை ஒருநாளும் நிறுத்தவில்லை.

நான் தாவரவியல் படித்தேன், கல்யாணம் ஆனது, விமானம் ஏறினேன். கிளம்பும்போது பெரியப்பா என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார். எங்கள் வாசலுக்கு வரவில்லை, தன் வாசலில் நின்று கையை ஆட்டினார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

4

இங்கே நான் வேலை பார்ப்பது தானியப் பயிர்களை ஆராயும் ஒரு நிலையத்தில். விஞ்ஞானி என்று ஊரில் அம்மா சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் தொட்டி நிரப்புவது, விதைப்பது, பூக்கும் நாளைக் குறிப்பது, இலை நறுக்கி மரபணு பிரிப்பது என் வேலை. வந்த புதிதில் ஒருநாள் கண்ணாடி வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. ஓடிப்போய் "கரண்டு போயிடுச்சு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆற்று நீரோட்டத்தைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பயிர்கள் வெந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

எங்கள் பிரிவின் கேள்வி ஒன்றுதான். ஒரு பயிர் எப்போது பூக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? பாரிவாக்கத்தில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே இருந்தவரை அது மாறுகிறது என்றே எனக்குத் தெரியாது. இங்கே ஜூனில் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகும் வெயில் அடிக்கிறது, டிசம்பரில் பள்ளிக்கூடம் விடும்போதே இருட்டுகிறது. இந்த ஊர் வாற்கோதுமை பகல் நீள்வதைப் பார்த்துப் பூக்கும். அதற்கான ஒரு மரபணு அதன் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு சற்று மாறிப்போன ரகங்கள் நீண்ட பகலைக் கண்டுகொள்ளாமல் நிதானமாகப் பூக்கும்.

நெல்லுக்கு எல்லாம் தலைகீழ். நாட்டுச் சம்பா பகல் குறைவதற்குக் காத்திருக்கும். அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசமே அதற்குப் போதும். நான் சொல்லும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்தக் குணத்துக்குரிய முக்கியமான மரபணு நெல்லின் ஆறாவது குரோமோசோமில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். யாரும் அதைத் தனியாகப் பிரித்தெடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் நிலையத்திலும் கொஞ்சம் நெல் வைத்திருந்தோம். சாயங்காலமானால் தொட்டிகளைத் தள்ளுவண்டியோடு ஓர் இருட்டு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். காலையில் வெளியே இழுக்க வேண்டும். இங்கத்திய கோடையில் நெல்லுக்கு ஐப்பசியைக் காட்ட வேறு வழியில்லை.

ஒரு முறை கிட்டத்தட்ட எல்லாத் தொட்டியும் கதிர் விடாமல் நின்றுவிட்டன. நாலைந்து தொட்டி மட்டும் ஒழுங்காகக் கதிர் விட்டிருந்தன. எங்கள் தலைவி மார்கரெட் நல்ல மனுஷி, குரலை உயர்த்த மாட்டார். வந்து பார்த்துவிட்டு, "விதை கலந்துவிட்டது போலிருக்கிறது. விதைத்தது யார்?" என்றார்.

விதைத்தது நான். ஒவ்வொரு உறையையும் தனியாகப் பிரித்து, கை துடைத்து, அடுத்ததை எடுத்தவள் நான். "விதை கலக்கவில்லை" என்றேன். "அப்படியானால் இந்த நாலைந்தும் எப்படிப் பூத்தன?" என்று கேட்டார்.

உச்சி மத்தியானத்தில் காலி அறைக்குள் போய் நின்றுகொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொன்னேன். கண் பழகியதும் தெரிந்தது. கதவின் ரப்பர் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. வெளித் தாழ்வாரத்தில் இரவும் பகலும் எரிகிற விளக்கின் வெளிச்சம் அதன் வழியே ஒரு கோடாக விழுந்து சுவரெல்லாம் மங்கலாகப் பரவியிருந்தது. உள்ளே ஒரு தடித்த குழாய் இறங்குகிறது. அதற்குப் பின்னால் மட்டும் கும்மிருட்டு. கதிர் விட்ட தொட்டிகளின் இடம் அதுதான்.

மார்கரெட்டைக் கூப்பிட்டு உள்ளே நிற்க வைத்தேன். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். எல்லார் முன்னாலும் கேட்டார். நான் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் கம்பமும் புங்க மரமும் அந்த மூலையும் தெரிந்தன.

5

அந்த ஞாயிறு ஊருக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பூந்தமல்லி சாலையில் இருக்கும் பூத்துக்கு நைனாவும் அம்மாவும் வந்து காத்திருப்பார்கள்.

"நைனா, அந்த ரோட்டோரத் துண்டுல நெல்லு பூக்காம போச்சே. அது பெரியப்பா விதையால இல்ல. உன் லைட்டால."

"இன்னா லைட்டு?"

"உன் கம்பத்து லைட்டு. சம்பாவுக்கு ராத்திரி நீளமா, இருட்டா இருக்கணும். அப்பதான் பூக்கணும்னு அதுக்குத் தெரியும். உன் லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சா, அதுக்குப் பகல் முடியவே இல்லைன்னு அர்த்தம். மரத்துக்குப் பின்னால நெழல் வுழுந்துச்சி பாரு, அங்க மட்டும் பூத்துச்சி."

நைனா கேட்டார். "அப்ப எதுத்தாப்புல ஐ.ஆர். எட்டு எப்டி வந்துச்சி? அதுக்கும் அதே லைட்டுதானே?"

நல்ல கேள்வி. எங்கள் நிலையத்தில் இதைக் கேட்டிருந்தால் கை கொடுத்திருப்பார்கள். "அந்த நெல்லு பகல் ராத்திரி பாக்காது நைனா. நாள் கணக்குதான். அந்தக் குணம் அதோட விதைலயே இல்ல" என்றேன்.

"அப்ப சம்பாவுக்கு மட்டும் விதைல அந்தக் கொணம் கீது."

"ஆமா."

"அதத்தான் நானும் சொன்னேன். விதைலதான் கோளாறுன்னு."

போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. இத்தனை வருடம் படித்து, வேலை பார்த்து, மரபணு என்று ஒன்றைச் சொல்லி, கடைசியில் அவருக்கு ஒரு சாட்சியைக் கையில் கொடுத்துவிட்டேன். "அது கோளாறு இல்ல நைனா. விதை சரியாத்தான் நடந்துகிச்சி. ராத்திரியக் காட்டாதது நம்ம தப்பு" என்று கத்தினேன். நித்யா அப்போது கைக்குழந்தை. தூக்கத்திலிருந்து எழுந்து அழுதாள்.

அவர் அமைதியாகச் சொன்னார். "ஊரப் பாத்து ஒரு வார்த்த சொல்ட்டேன். அது தப்புன்னு சொல்லணும்னா என் கண்ணு பாக்கணும்மா. நீ அங்கேர்ந்து சொன்னேன்னு நான் போய் எப்டி நிக்கறது?"

அது எனக்குப் பிடிவாதமாகப் படவில்லை. ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்குவது என்றால் அதற்குச் சமமான கனத்தோடு ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். சரி, நானே இங்கே விளைத்துக் காட்டுகிறேன் என்று பெரியப்பாவின் விதையை வரவழைக்கப் பார்த்தேன். அங்கே ஒரு சான்றிதழ், இங்கே ஓர் அனுமதி, பூச்சி நோய் இல்லை என்று இன்னொரு கையெழுத்து. இங்கத்திய அலுவலகம் அந்த ரகத்தின் பதிவுப் பெயரைக் கேட்டது. துரைசாமி வீட்டுச் சம்பா என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. விதை எதற்கு இங்கே வர வேண்டும்? விளக்கு அங்கேதானே இருக்கிறது. இருட்டு அறை வேண்டுமென்றால் கோழி கவிழ்க்கிற கூடை போதும்.

6

அடுத்த வருடம் அம்மா சுவருக்கு மேலே கையை நீட்டிப் பெரியம்மாவிடம் ஒரு பிடி சம்பா விதை கேட்டாள். எதற்கு என்று பெரியம்மா கேட்கவில்லை. பெரியப்பா அப்போதும் ஏரிப் பக்கம் தனக்கென்று கொஞ்சம் போட்டு, கலவன் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தார். வாங்க ஆள் இல்லாத விதைக்கு.

நைனா கம்பத்துக்குக் கீழே இரண்டு வரிசை நட்டார். ஐப்பசி பிறந்ததும் ஒரு வரிசையின் மேல் பொழுது சாய்வதற்கு முன் கூடைகளைக் கவிழ்த்து, அதற்கு மேல் கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் நாலு பக்கமும் கல் வைத்தார். விடிந்ததும் எடுப்பார். இன்னொரு வரிசை திறந்தபடி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்கு ஷிப்டு இருக்கும் நாட்களில் அம்மா போவாள்.

அது பஸ் நிற்கிற இடம். யார் கண்ணில் படாமல் செய்ய முடியும்? அம்மா போனில் குறைப்பட்டுக்கொண்டாள். "வர்றவன் போறவன்லாம் கேக்கறான்டி. இன்னா மாமே, நெல்லுக்குக் குளுருதா, போத்தி வுட்டுகினு கீறேன்றான். உங்க நைனா வாயே தொறக்கல. மழை வேற ஊத்துது. இதுல நான் கூடையத் தூக்கினு ஓடறேன்."

"லைட்ட அணைச்சிட்டா ஒரே வேலையா போயிடும்ல" என்று நான் சிரிப்புக்குச் சொன்னேன்.

"நல்லா சொன்னே போ. அப்பால உங்க நைனாவ யார் கட்டி மேய்க்கறது?"

பெரியப்பா பார்த்தாரா என்று கேட்டேன். தினமும் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகிறார், ஆனால் தலையைத் திருப்பியதில்லை என்றாள்.

இதை எல்லாம் இப்போது நித்யாவிடம் சொல்லும்போது அவள் ஆங்கிலத்தில் கேட்கிறாள், நான் தமிழில் சொல்கிறேன், அவள் மறுபடியும் ஆங்கிலத்தில் கேட்கிறாள். இந்த ஞாயிறும் அப்படித்தான். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்காமலே, "அந்த இன்னொரு ஆள் என்ன செய்தார்?" என்றாள். பெரியப்பாவைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் அவரைப் பார்த்ததே இல்லை. தாத்தாவின் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்று நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் அது அவர்களோடு முடிவதில்லை. அடுத்த தலைமுறைக்கு ஓர் உறவின் பெயரே வராமல் போகிறது. "பெரிய தாத்தா" என்று சொல்லு என்றேன். சொன்னாள். அவள் வாயில் அந்த ழகரம் ளகரம் எல்லாம் படும் பாட்டுக்கு இந்த வார்த்தை பரவாயில்லை, சுத்தமாக வந்தது.

7

கார்த்திகை தீபத்தன்று நைனா தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. அம்மாதான் கூடையை மூடப் போனாள். "வெளக்கு வெக்கற நேரத்துக்குப் போவறப்பதான் பாத்தேன். தோகை மாதிரி வெளிய தள்ளிகினு கீது. பக்கத்து வரிசைய ஒடச்சிப் பாத்தேன், ஒண்ணுமில்ல, வெறும் புல்லு" என்றாள் போனில். மூடியிருந்த வரிசை முழுவதும் கதிர். ஒரே பிடி விதை, ஒரே மண், ஒரே தண்ணீர்.

நைனா மறுநாள் காலையில் போய்ப் பார்த்தார். வரப்பில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுவதும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கதிர் பழுக்கட்டும் என்று காத்திருந்தாரா, தைரியம் பழுக்கட்டும் என்று காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. நான் இங்கே அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். அவர் போகாமலே விட்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. போகவில்லை என்றால் நான் அவரோடு பேசுவேனா என்றும் யோசித்துப் பார்த்தேன். பேசியிருப்பேன். ஆனால் பழைய மாதிரி இருந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடையில் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்து, நைனா இரண்டு பயிரை வேரோடும் சேற்றோடும் பிடுங்கிக்கொண்டு போனார். ஒன்றில் கதிர், ஒன்றில் இல்லை. பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நைனா பயிர்களை அவருக்குப் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தார். சேற்றுத் தண்ணீர் பெஞ்சிலிருந்து பெரியப்பாவின் வேட்டியில் சொட்டியது. அவர் நகரவில்லை. அம்மா தயிர் வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போயிருக்கிறாள்.

நைனா கடையைப் பார்த்துப் பேசினார். "அன்னிக்கு இங்க வெச்சிதான் சொன்னேன். இன்னிக்கும் இங்கயே சொல்றேன். ரெண்டும் எங்க அண்ணன் விதை. மூடி வெச்சது பூத்துச்சி, லைட்டுல நின்னது பூக்கல. அவரு விதைல ஒரு கலப்பும் இல்ல. நான் இட்டாந்த லைட்டுதான் அதுக்கு ராத்திரியே இல்லாம பண்ணிச்சி. நான் சொன்னது தப்பு."

டீ ஆற்றுகிறவர் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றதாம்.

பெரியப்பா பேப்பரை மடித்து வைத்தார். கதிர் இருந்த பயிரை எடுத்து, ஒரு நெல்லைக் கிள்ளி நகத்தால் உரித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்துத் தண்டைப் பிரித்துப் பார்த்தார். ஒன்பது வருடம். அவர் ஏதாவது கேட்பார் என்று எல்லாரும் பார்த்தார்கள். கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

கேட்கவில்லை என்றதும் நைனாவே மறுபடி பேசினார். இந்த முறை கடையைப் பார்க்கவில்லை.

"அண்ணாத்தே. வர்ற ஆடிக்கு எனக்கு விதை வேணும்."

பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"குடுக்கறேன். ஆனா எந்த லைட்டாண்ட போடப் போறே, அத மொதல்ல சொல்லு."

அதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று போனில் பிரிக்க முடியவில்லை. நைனா என்ன சொன்னார் என்று கேட்டேன். பெஞ்சில் பயிரை நகர்த்திவிட்டு அண்ணன் பக்கத்தில் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, ரெண்டு டீ என்றாராம்.